ஒளிந்து வாழ வேண்டாத ஊர்

செகந்திராபாத்துக்குக் கிழக்கே, லாலாகூடா ரயில் பட்டறைக்கும் மௌலாலிக்கும் அண்மையில், ஹப்சிகூடாவை ஒட்டிக் கிடக்கும் நாச்சாரத்தைப் பற்றி நம் சங்க அன்பர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தொழிற்பேட்டையும், ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையும், என்.டி. ராமராவ் நிறுவிய ராமகிருஷ்ணா படப்பிடிப்பு நிலையமும் இவ்வூருக்குப் பெயர் தந்தவை. பிழைப்பை நாடி வந்தவர்களே இங்கு மிகுதி. ஒரே தெருவில் தெலுங்கும் உருதும் ஒடியாவும் இந்தியும் தமிழும் ஒலிக்கும். புதிதாகக் குடிவந்தவரிடம் முதலிற் கேட்கப்படும் வினா, “உங்களுக்கு எந்த ஊர்?” என்பதே. அவ்வினா அன்போடு கேட்கப்படும் வரையில் நமக்குக் குறையொன்றும் இல்லை. அதையே வேறொரு குரலில், கையில் ஒரு பட்டியலோடு வந்து கேட்பவர்களும் உலகில் இருந்திருக்கின்றனர். அந்தக் குரலுக்கு அஞ்சி ஓடியவர்களையும், அவர்களுக்கு இடங்கொடுத்த ஓர் ஊரையும் பற்றிச் சில செய்திகளை இங்கே கூற விழைகின்றேன்.

2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எ ஸ்மால் லைட்’ என்னும் எட்டுப் பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி நாடகத்தை எங்கள் வீட்டில் சில இரவுகளாகப் பார்த்தோம். ‘சிறியதொரு விளக்கொளி’ என்பது அப்பெயரின் பொருள். இரண்டாம் உலகப் போரின்போது, ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரில், ஹிட்லரின் ஆட்களுக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த ஃபிராங்க் என்னும் யூதக் குடும்பத்தின் வரலாறு அது. அக்குடும்பத்தின் இளைய மகள் ஆன் எழுதிய நாட்குறிப்பு 1947-இல் நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவியதைப் பலர் அறிவர். ஆனால் இந்நாடகத்தின் தலைவி ஆன் அல்லள். அக்குடும்பத்துக்கு நாள்தோறும் உணவு கொண்டுபோய்க் கொடுத்த மீப் கீஸ் என்னும் அலுவலகப் பெண்மணி.

ஆனின் தந்தை ஓட்டோ ஃபிராங்க் ஜெர்மனியைச் சேர்ந்தவர். 1933-இல் அங்கே நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும், பிழைப்பும் பாதுகாப்பும் நாடி ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்தார். பழக்கூழ் செய்வதற்கு வேண்டிய பொருளையும், பின்னர் மசாலைச் சரக்குகளையும் விற்கும் வாணிகம் நடத்தினார். 1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படை ஹாலந்தையும் பிடித்துக்கொண்டது. 1942 ஜூலை 6-ஆம் நாள் அக்குடும்பம் தம் வாணிகக் கட்டடத்தின் பின்கட்டில், புத்தக அலமாரியொன்று பின்னர் மறைத்து நின்ற வாயிலுக்கு அப்பால் ஒளிந்துகொண்டது. மொத்தம் 8 பேர். ஈராண்டுகளுக்கு மேல் பகற்பொழுதில் உரக்கப் பேசாமலும், தாராளமாக நடக்காமலும் வாழ்ந்தார்கள். 1944 ஆகஸ்டு 4-ஆம் நாள் பிடிபட்டார்கள். எட்டுப் பேரில் போர் முடிந்து உயிரோடு திரும்பியவர் ஓட்டோ ஒருவரே.

மீப் கீஸும் வந்தேறியவரே. 1909-இல் வியன்னாவில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் பின் அங்கே உணவின்றி மெலிந்த குழந்தைகளை ஹாலந்துக் குடும்பங்கள் ஏற்று வளர்த்தன. அவ்வாறு 1920-இல் 11 வயதில் வந்து சேர்ந்தவர். தமக்குச் சோறிட்ட நாட்டில், தம்மைப் போலவே வேறிடத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அவர் சோறிட்டார். உணவுச் சீட்டு இன்றி ஒரு ரொட்டியும் வாங்க இயலாத காலம் அது. அவர் கணவரும், அலுவலகத்திலிருந்த வேறு மூவரும் துணை நின்றனர். பிடிபட்டவர்களை விடுவிக்கப் பணம் கொடுத்துப் பார்க்கலாம் என்று காவலர் தலைமையகத்துக்கே துணிந்து சென்றவர் அவர். ஆனின் நாட்குறிப்பைப் படித்துப் பாராமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்து தந்தையிடம் ஒப்படைத்தவரும் அவரே. 100 வயது வாழ்ந்து 2010-இல் மறைந்தார்.

நாடகத்தைப் பார்த்து முடித்த அன்று, “இப்படி ஒளிந்து வாழ்ந்தவர்கள் நம் நாட்டிலும் உண்டா, அப்பா?” என்று என் மூத்த மகள் வினவினாள். உண்டு என்றும், அவர்கள் ஒளிய வேண்டாத ஊரும் ஒன்று உண்டு என்றும் கூறினேன். அவ்வாண்டு விடுமுறையில் அந்த ஊரைப் பார்ப்பதென முடிவாயிற்று.

மட்டாஞ்சேரியை நோக்கி

செகந்திராபாத்திலிருந்து கேரளம் செல்லும் சபரி வண்டி நம் அன்பர்கள் பலருக்குப் பழக்கமானது. நல்கொண்டா, குண்டூர், நெல்லூர், திருப்பதி என்று தெலுங்கு நாட்டைக் கடந்து, இரவில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, காலையில் ஈரோடும் கோயம்புத்தூரும் காட்டி, பாலக்காட்டுக் கணவாய் வழியே மலையாள நாட்டில் இறங்குகின்றது. கணவாயைக் கடந்ததும் காற்றில் ஈரம் ஏறுகின்றது. மண்ணின் நிறம் மாறுகின்றது. வீட்டுக்கு வீடு தென்னையும் பலாவும் தோன்றுகின்றன. மறுநாள் பிற்பகலில் எர்ணாகுளம் டவுன் நிலையத்தில் இறங்கினோம்.

கொச்சி பல தீவுகளும் தீபகற்பமும் சேர்ந்த நகரம். எர்ணாகுளத்திலிருந்து படகில் கோட்டைக் கொச்சிக்குச் செல்வது இனிய அனுபவம். பழைய படகுத்துறையோடு, 2024 முதல் நீர் மெட்ரோ என்னும் மின்படகும் அங்கே செல்கின்றது. கோட்டைக் கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோவில் சிறிது நேரப் பயணம். வழியெங்கும் பண்டகசாலைகள். மிளகு, சுக்கு, ஏலம், கிராம்பு ஆகியவற்றின் மணம் தெருவுக்கு வந்து நம்மை எதிர்கொள்ளும். ஓட்டோ ஃபிராங்கின் கட்டடத்திலும் கீழ்த்தளத்தில் மசாலை அரைத்தார்கள் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மிளகைத் தேடித்தானே ஐரோப்பியர் இக்கரைக்கு வந்தனர்!

யூதத் தெரு என்றே பெயர் பெற்ற தெருவில், ஒரு காலத்தில் மிளகு ஏலம் கூவிய கட்டடத்தைக் கடந்து, பழம்பொருட் கடைகளின் வரிசை முடியுமிடத்தில் நிற்கின்றது பரதேசி சினகாக். ‘பரதேசி’ என்றால் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பது பொருள். நாம் பிச்சைக்காரரைக் குறிக்க வழங்கும் பொருள் அங்கில்லை. கட்டப்பட்ட ஆண்டு 1568. அதன் மணிக்கூண்டு 1760-இல் எழுந்தது. அதன் முகங்களில் எபிரேய எண்ணும், ரோமன் எண்ணும், நம் நாட்டு எண்ணும் உள்ளன. செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். இது யூதர் உலகில் அரிய வழக்கம். கோயிலுக்குச் செல்லும் அயலாரைப் பார்த்துக் கைக்கொண்டது போலும். உள்ளே தரையில் பதித்த நீல வெள்ளை ஓடுகள் 18-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து கப்பலேறி வந்தவை. கையால் வரையப்பட்டமையால் ஒன்று போல் மற்றொன்று இராது என்பர். என் மகள் இரண்டை ஒப்பிட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டாள். மேலே பெல்ஜியத்துக் கண்ணாடி விளக்குகள் தொங்குகின்றன.

கட்டடத்தைக் காட்டிலும் அது நிற்கும் இடமே என் மனத்தைக் கவர்ந்தது. அந்நிலத்தைக் கொடுத்தவர் கொச்சி மன்னர். தம் அரண்மனையை ஒட்டியே கொடுத்தார். அரண்மனை வளாகத்திலுள்ள பழையன்னூர் பகவதி கோயிலும் யூதர் வழிபாட்டிடமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒருபுறம் சங்கும் மணியும், மறுபுறம் எபிரேய வேதமும் ஒலித்து நான்கு நூற்றாண்டுகள் கழிந்தன. இச்சினகாகின் 400-ஆம் ஆண்டு விழா 1968 டிசம்பரில் நடந்தபோது பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்து கலந்துகொண்டார்.

செப்பேடு கூறும் செய்தி

யூதர் கேரளத்துக்கு வந்தது 1568-இல் அன்று. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கொடுங்கல்லூரில் வாழ்ந்தனர். சங்க நூல்கள் போற்றும் முசிறித் துறைமுகம் அப்பகுதியிலேயே இருந்தது. ஏறக்குறைய கி.பி. 1000-இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகருக்குச் செப்பேடு அளித்தார். அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அதன் மொழி பழந்தமிழுக்கு மிக அணுக்கமானது. பகல் விளக்கு, பாவாடை, குடை, பறை, காகளம், தோரணம் முதலிய 72 விடுபேறுகளும், அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையும் அதில் வழங்கப்பட்டன. பிறர் செலுத்தும் சில வரிகளிலிருந்து விலக்கும் தரப்பட்டது. பிரதமர் மோடி 2017-இல் இஸ்ரேல் சென்றபோது கேரள யூதரின் செப்பேடுகளின் படியையே பரிசாக எடுத்துச் சென்றார். வந்தேறிய வணிகனைப் பகலில் விளக்கேந்தி, குடைபிடித்து, பறையறைந்து நடக்கவிட்ட ஆணை அது. ஒளிந்து வாழ்வதற்கு இதைவிட நேர்மாறான வாழ்வு ஒன்று இருக்க இயலுமா?

ஆயினும் இன்பமே தொடரவில்லை. 1341-இல் பெருவெள்ளம் வந்து பழைய துறைமுகம் தூர்ந்து, கொச்சி வளரத் தொடங்கியது. 1524-இல் கொடுங்கல்லூர் யூதர் தாக்கப்பட்டனர். பின்னர்ப் போர்த்துக்கீசியரின் கொடுமையும் சேர்ந்தது. எஞ்சியவர்கள் கொச்சி மன்னரை அடைந்தனர். அவர் தந்த நிலத்தில் எழுந்ததே நாம் கண்ட யூதத் தெரு.

கோவாவில் ஒளிந்தவர்கள்

என் மகள் கேட்ட வினாவின் முதற்பகுதிக்கு விடை கோவாவில் இருக்கின்றது. ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூதர்கள் மதம் மாற வேண்டும், அல்லது வெளியேற வேண்டும் என்ற நிலை பிறந்தது. மாறியவர்களுட் பலர் வெளியே கிறிஸ்தவராகவும் வீட்டுக்குள் யூதராகவும் வாழ்ந்தனர். அத்தகைய குடும்பத்தில் தோன்றிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1534-இல் இந்தியாவுக்கு வந்து கோவாவில் குடியேறினார். நம் நாட்டு மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1563-இல் கோவாவில் அச்சாயிற்று. ஆளுநர்களுக்கு மருத்துவம் பார்த்தவர். அகமதுநகர் சுல்தானின் நட்பைப் பெற்றவர். 1560-இல் கோவாவில் மத விசாரணை மன்றம் அமைந்த பின்னரும், பதவியும் புகழும் அவரைக் காத்தன. 1568-இல் அவர் இயற்கையாக மறைந்தார். மறு ஆண்டே அவர் தமக்கையோ தங்கையோ ஆகிய கத்தரீனா, மறைவில் யூத நெறியைப் பின்பற்றினார் என்ற குற்றத்துக்காகத் தீயிலிடப்பட்டார். 1580-இல் கார்சியாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தனர்!

கோவாவில் அவர் மறைந்த அதே 1568-இல்தான், தெற்கே கொச்சியில் பரதேசி சினகாக் எழுந்தது. ஒரே கடற்கரையில், ஒரே ஆண்டில், ஓரிடத்தில் மறைத்த நெறிக்கு மற்றோரிடத்தில் வாயிற்கதவு திறந்திருந்தது. ஆட்சி செய்தவர்களின் மனமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

கொச்சி யூதரையும் அந்தத் துன்பம் விட்டுவைக்கவில்லை. 1662-இல் டச்சுக்காரர் கொச்சியைத் தாக்கிப் பின்வாங்கியபோது, அவர்களுக்கு உதவினர் என்று போர்த்துக்கீசியர் யூதத் தெருவைச் சூறையாடி, சினகாகையும் தீக்கிரையாக்கினர். மறு ஆண்டு டச்சுக்காரர் நகரைப் பிடித்தபின் அது பழுதுபார்க்கப்பட்டது. 1686-இல் ஆம்ஸ்டர்டாம் யூதர்களின் சார்பில் மோசஸ் பெரேரா த பைவா என்பவர் கொச்சிக்கு வந்து, இங்குள்ள யூதரின் நிலையைக் கண்டு எழுதினார். போர்த்துக்கல்லில் ஒளிந்து வாழ்ந்த குடும்பங்கள் வெளிப்படையாகத் தம் நெறியைக் கடைப்பிடிக்க இடந்தந்த நகரம் அன்று ஆம்ஸ்டர்டாம். அவ்வகையினரான வணிகர் சிலர், கோல்கொண்டா வைரத்துக்காகச் சென்னையிலும் தங்கினர். பவளம் கொண்டுவந்து விற்று, வைரம் வாங்கிச் செல்வது அவர்கள் வாணிகம். சென்னைப் பவளக்காரத் தெருவின் பெயர் அதை இன்றும் நினைவூட்டுகின்றது. 17-ஆம் நூற்றாண்டில் யூதருக்குப் புகலிடமாயிருந்த அதே ஆம்ஸ்டர்டாமில், 1942-இல் யூதர் அலமாரிக்குப் பின்னே ஒளிய நேர்ந்தது. ஆகவே, எந்த ஊரும் என்றென்றைக்கும் புகலிடம் என்று எழுதிக் கொடுக்கப்பட்டதன்று.

ரயில்வே எழுத்தன் உள்ளத்தில் தோன்றியது

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டியிருக்கின்றது. 1944 செப்டம்பர் 3-ஆம் நாள் ஹாலந்திலுள்ள வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்குக் கடைசி வண்டி புறப்பட்டது. அதில் 1,019 பேர். ஃபிராங்க் குடும்பமும் அவர்களுள் அடக்கம். அத்தகைய வண்டிகளுக்கு ஜெர்மானிய ரயில்வே கட்டணம் விதித்தது. மூன்றாம் வகுப்புக் கட்டணம். 400 பேருக்கு மேற்பட்ட கூட்டமானால் பாதி. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரைக் கட்டணம். நான்கு வயதுக்குட்பட்டோருக்கு இலவசம். திரும்பி வருவதற்குச் சீட்டு இல்லை. ஹாலந்து ரயில்வேயும் வெஸ்டர்போர்க் வரை ஓட்டிய வண்டிகளுக்குப் பணம் பெற்றது. 2005-இல் அதற்காக மன்னிப்புக் கோரி, 2018-இல் இழப்பீடு வழங்கவும் முன்வந்தது.

அரைச் சீட்டுக் கணக்கு எனக்கு நாள்தோறும் பழகிய கணக்கு. குழந்தையின் வயதைக் கேட்டு, பெயரெழுதி, தொகையைக் கூட்டி, கையொப்பமிட்டு மேலே அனுப்புவது எங்கள் வேலை. அங்கும் என்னைப் போன்ற எழுத்தன் ஒருவன் அமர்ந்து, பிழையில்லாமல் கூட்டி, கையொப்பமிட்டிருப்பான். அவன் யாரையும் அடித்திலன், யாரையும் திட்டியிலன். கணக்கு மட்டுமே எழுதினான். 1944 செப்டம்பர் 17-ஆம் நாள் ஹாலந்து ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது துணிவான செயல். ஆனால் அந்த 1,019 பேருக்கு இரண்டு வாரம் பிந்திய செயல்.

மீப் கீஸும் அலுவலக எழுத்தர் என்பதை நாம் மறக்கலாகாது. அவரும் பட்டியல் எழுதினார்: எட்டுப் பேருக்கு எத்தனை ரொட்டி, எவ்வளவு காய்கறி என்ற பட்டியல். எழுதுகோல் ஒன்றே, எழுதிய கைகள் வேறு.

இது அயல்நாட்டுக் கதை மாத்திரம் அன்று. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்திருந்தன என்பது வரலாறு. அதே நாட்களில் தம் உயிரையும் பொருட்படுத்தாமல் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டுக்குள் மறைத்துக் காத்த சிங்கள அயலார் பலர் உண்டு என்பதும் வரலாறே.

உள்ளே இருந்த குறை

கொச்சி யூதரின் கதையை வெறும் புகழுரையாக முடித்தல் முறையன்று. மன்னரும் அயலாரும் பேதமின்றி ஏற்றுக்கொண்ட அம்மக்கள், தங்களுக்குள் பேதம் பாராட்டினர். பரதேசி யூதர் ‘வெள்ளை யூதர்’ எனப்பட்டனர்; பழைய மலபார் யூதர் ‘கறுப்பு யூதர்’ எனப்பட்டனர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மரபினர் என்று கருதப்பட்ட சிலரோ, பரதேசி சினகாகுக்குள் உரிய இடமின்றி முன்கூடத்தில் அமர வேண்டியிருந்தது. அம்மரபிற் பிறந்த ஏ.பி. சேலம் என்பவர் சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபை உறுப்பினராகவும் விளங்கினார். காந்தியடிகளின் வழியைப் பின்பற்றிச் சினகாகினுள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்ற பெயர் அவருக்கு வாய்த்தது. காலப்போக்கில் அத்தடைகள் தளர்ந்தன. புகலிடம் பெற்றவன் பிறருக்குப் புகலிடம் மறுத்தல் மனித இயல்பு போலும்! அயலூரில் சங்கம் வைத்து வாழும் நாமும், நம் சங்கத்துக்குள் முன்கூடத்தில் யாரையேனும் உட்கார்த்தி வைத்திருக்கின்றோமா என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

இந்தியா விடுதலை பெற்றபோது கேரளத்தில் 2,000-க்கு மேற்பட்ட யூதர் இருந்தனர். 1948-இல் இஸ்ரேல் தோன்றியபின், அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலோர் அங்கே சென்றனர். யாரும் விரட்டிச் சென்றவர்கள் அல்லர். தம் வேதம் கூறும் நாட்டை நாடிச் சென்றவர்கள். நெகேவ் பாலைநிலத்திலுள்ள நெவாதிம் என்னும் குடியிருப்பில் கொச்சி யூதர் வழிபாட்டிடம் அமைத்து வாழ்கின்றனர். மட்டாஞ்சேரியில் கைத்தையல் கடை வைத்திருந்த முதியவர் சாரா கோஹன் 2019-இல் மறைந்தார். பரதேசிப் பெண்களுள் கடைசியாக எஞ்சியிருந்த குவீனி ஹலேகுவா 2024-இல் மறைந்தார். ஆகவே இன்று யூதத் தெருவில் யூதரைக் காண்பது அரிது. கடைக்காரர் பலர் காஷ்மீரத்திலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அவர்களிடமும் மக்கள், “உங்களுக்கு எந்த ஊர்?” என்றே கேட்கின்றனர்.

செல்ல விரும்பும் அன்பர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சினகாக் வெள்ளிப் பிற்பகலிலும் சனிக்கிழமையிலும், யூதர் திருநாட்களிலும் மூடியிருக்கும். ஆகவே ஞாயிறு முதல் வியாழன் வரை செல்வது தக்கது. அரண்மனைச் சுவரில் தீட்டிய இராமாயண ஓவியங்களைக் காணாமல் திரும்பலாகாது. நேரமுள்ளவர்கள் வடக்கே சேந்தமங்கலத்துக்கும் சென்று வரலாம். அங்கே கோயிலும் பள்ளிவாசலும் கிறிஸ்தவ ஆலயமும் யூதர் வழிபாட்டிடமும் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. யூத வழிபாட்டிடத்தின் முன் 1269-ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் ஒன்று, சாரா என்னும் பெண்ணின் பெயரை எபிரேயத்தில் தாங்கி நிற்கின்றது. குழந்தைகளைத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள்.

மன்னர் நிலம் கொடுத்துக் காத்த காலம் போயிற்று. ஆட்சி நல்லதாயின் சட்டம் காக்கும். அது தவறும் நாளில் காப்பதற்கு எஞ்சியிருப்பவர் அடுத்த வீட்டுக்காரரும், அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருப்பவருமே. ஆதலின் பிழைக்க வந்த ஊரின் மொழியை நம் பிள்ளைகள் நன்கு கற்கட்டும். அடுத்த வீட்டாரின் பெயரும் நலமும் நமக்குத் தெரிந்திருக்கட்டும். நமக்குப் பின் வந்து குடியேறுபவரை முதலில் வரவேற்பவர் நாமாக இருப்போமாக.